கோல் போடுறது ஒருத்தர், ரூல் போடுறது வேற ஒருத்தர்

மூணாவது வருஷம், ஐந்தாவது செமஸ்டர். சோனல் அரையிறுதி ஒரு புதன்கிழமை வந்துச்சு. அதே புதன்கிழமைதான் எங்களுக்கு இரண்டாவது இன்டர்னல். ஓ.டி. ஃபார்மைக் கையில வச்சுக்கிட்டு நானும் எங்க கேப்டனும் பி.டி. சார் ரூம், ஹெச்.ஓ.டி. ரூம், ஆபீஸ்னு மாடி மாடியா ஏறி இறங்கினோம். ஓ.டி. கிடைச்சுது, ரீடெஸ்ட் கிடைக்கல. மேட்ச்ல ஜெயிச்சோம். அந்த சப்ஜெக்ட்ல எனக்கு இன்டர்னல் மார்க் போச்சு.

யார் மேலயும் பெரிய கோபம் இல்ல. மேட்ச் தேதியை முடிவு பண்ணினவங்களுக்கு எங்க டெஸ்ட் தேதி தெரியாது. டெஸ்ட் தேதி போட்டவங்களுக்கு மேட்ச் தேதி தெரியாது. ஆனா ரெண்டு மேஜையிலயும் விளையாடுற பையனோ பொண்ணோ ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கல. அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அந்த உறுத்தலோடதான், காலேஜ் விளையாட்டை ரொம்பப் பெரிய அளவில் நடத்துற அமெரிக்காவில் இதை எப்படிச் செய்றாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களுக்குப் பாடம் மாதிரி பிரிச்சுத் தர்றேன். ஒரு விஷயம் மட்டும் முதல்லயே. நாம ஃபுட்பால்னு சொல்றதை அங்க சாக்கர்னு சொல்வாங்க. ஹெல்மெட் போட்டு மோதிக்கிற ஆட்டம்தான் அவங்களுக்கு ஃபுட்பால். குழப்பம் வேண்டாம்னு நானும் இங்க அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஆட்டம்

விதிகளைப் பற்றிப் பேசுறதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் என்ன செஞ்சாங்கன்னு பார்த்துடுவோம்.

ஆண்கள் சாக்கரில் தேசிய காலேஜ் சாம்பியன்ஷிப் 1959-ல் தொடங்கியது. முதல் கோப்பை செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு. அந்த டீம் மொத்தம் 10 முறை ஜெயித்திருக்கிறது. சிறந்த காலேஜ் வீரருக்குத் தரப்படும் ஹெர்மன் டிராஃபி 1967-ல் வந்தது. பெண்களுக்கு அந்த விருது 1988-ல்தான் வந்தது. அதை முதலில் வாங்கியவர் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மிஷெல் ஏக்கர்ஸ்.

மூன்றே வருஷம் கழித்து, 1991-ல், சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் ஏக்கர்ஸ் போட்டதுதான். அந்த அணியின் கோச் ஆன்சன் டோரன்ஸ், அதே காலத்தில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கும் கோச். அவருடைய மாணவி மியா ஹேம் 19 வயதில் அந்த உலகக் கோப்பையில் ஆடினார். அதற்காக அந்த வருஷம் காலேஜ் சீசனையே விட்டார். திரும்பி வந்து, மொத்தம் 4 தேசிய காலேஜ் பட்டங்களோடு படிப்பை முடித்தார். நாட்டுக்காக அவர் அடித்த கோல்கள் 158. அவரோடு அதே காலேஜில் ஆடிய கிறிஸ்டின் லில்லி நாட்டுக்காக 354 ஆட்டங்கள் ஆடினார். ஆண், பெண் இரு தரப்பிலும் அவ்வளவு சர்வதேச ஆட்டம் ஆடியவர் வேறு யாரும் இல்லை.

நார்த் கரோலைனா பெண்கள் டீம் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து 9 வருஷம் சாம்பியன். அதாவது, ஒரு பொண்ணு ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்து ஃபைனல் இயர் முடிச்சு, அவளோட ஜூனியரும் படிச்சு முடிச்சு வெளிய போற வரைக்கும் அந்தக் கேம்பஸ்ல யாரும் தோல்வியோட சீசனை முடிக்கல.

கனடாவின் கிறிஸ்டீன் சின்க்ளேர் போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2005 சீசனில் மட்டும் 39 கோல் அடித்தார். முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு அதுதான் சாதனை. பிறகு கனடாவுக்காக 190 கோல். ஸ்டான்ஃபோர்டின் கட்டரினா மக்காரியோ 2018, 2019 இரண்டு வருஷமும் ஹெர்மன் டிராஃபி வாங்கினார்.

37 வார்த்தைச் சட்டம்

உலகம் முழுக்க ஆண்கள் சாக்கரில் ஆள் உருவாவது கிளப் அகாடமிகளில். அமெரிக்கப் பெண்கள் மட்டும் ஏன் காலேஜிலிருந்து வந்தார்கள்?

மற்ற நாடுகளில் அப்போ என்ன நிலைமைன்னு பாருங்க. இங்கிலாந்தில் ஃபுட்பால் சங்கம் 1921-ல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று சொன்னது, சுமார் 50 வருஷம் அந்தத் தடை இருந்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டப்படியே தடை. அமெரிக்காவிலோ 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் அந்த முக்கிய வாக்கியம் 37 வார்த்தைதான். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் காலேஜ் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி என்பதால் அதுவும் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

பெண்களுக்கும் டீம் வேணும்னு ஆனதும் காலேஜ்களுக்கு சாக்கர் வசதியாகப் பட்டது. ஒரு பந்து, ஒரு மைதானம், ஒரே டீமில் இருபது முப்பது பேருக்கு இடம். இன்று முதல் டிவிஷனில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட பெண்கள் சாக்கர் டீம்கள் இருக்கின்றன. ஏக்கர்ஸ், ஹேம், லில்லி மூணு பேரோட திறமையும் அவங்களோடது. அந்தத் திறமைக்கு மைதானத்தைத் திறந்துவிட்டது ஒரு விதி. நல்ல விதி என்ன செய்யும் என்பதற்கு இதுதான் என் முதல் உதாரணம்.

யார் ஆள்றாங்க?

அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை ஆள்வது அரசு இல்லை. என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1905-ல் காலேஜ் ஃபுட்பாலில் அடிபட்டுப் பல மாணவர்கள் செத்துப்போனார்கள். பெரிய கூச்சல் எழுந்ததும், ஆட்டத்தைப் பாதுகாப்பாக்க 1906-ல் காலேஜ்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. இன்று சுமார் 1,100 காலேஜ்கள், மூன்று டிவிஷன்கள். மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரவே கூடாது. இதற்குக் கீழே கான்ஃபரன்ஸ்கள். நம்ம சோன் மாதிரி, பக்கத்துப் பக்கத்துக் காலேஜ்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட லீக்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் காலேஜ்கள். விளையாடுகிறவர்கள் உறுப்பினர்கள் இல்லை.

பெண்கள் விளையாட்டுக்கு முதலில் தனி அமைப்பு இருந்தது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்று பெயர். பெரும்பாலும் பெண்களே நடத்தியது. 1981-ல் நார்த் கரோலைனா ஜெயித்த முதல் தேசியப் பட்டம் இந்த அமைப்பு நடத்திய போட்டியில்தான். அதே கல்வியாண்டில் என்.சி.ஏ.ஏ. தானே பெண்கள் சாம்பியன்ஷிப்புகளை நடத்தத் தொடங்கியது. அதனிடம் டி.வி. பணம் இருந்தது, பயணச் செலவுக்குக் காசு இருந்தது. காலேஜ்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, 1983-க்குள் இல்லாமலே போனது. பெண்களுக்குப் பெரிய போட்டியும் வசதியும் கிடைத்தன. ஆனால் விதி எழுதும் மேஜையில் பெண்கள் வைத்திருந்த நாற்காலிகள் பலதும் போயின. இரண்டும் ஒரே முடிவின் விளைவுகள்.

ஒரு சொல்லின் கதை

அங்கே காலேஜில் ஆடுபவரை ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’ என்பார்கள். மாணவ வீரர். கேட்க மரியாதையாக இருக்கு இல்லையா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் என்ற சிறிய காலேஜுக்காக ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளி வேலையில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆடுகிறவர் காலேஜின் தொழிலாளி இல்லையாம். அந்தக் காலத்தில் என்.சி.ஏ.ஏ.-வின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். வீரர்களைத் தொழிலாளிகள் என்று கோர்ட் சொல்லிவிடுமோ என்ற பயத்தில்தான் ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’ என்ற சொல்லை உருவாக்கி எல்லா இடத்திலும் புகுத்தினோம் என்று ஓய்வுக்குப் பிறகு அவரே எழுதினார்.

ஒரு சொல் ஒருவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை எழுபது வருஷமாகத் தீர்மானித்திருக்கிறது.

9.9-ஐ 28-ஆல் வகுத்தால்

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 மாதிரி இல்ல.

2025 வரை முதல் டிவிஷனில் ஒரு ஆண்கள் சாக்கர் டீமுக்கு அதிகபட்சம் 9.9 ஸ்காலர்ஷிப். பெண்கள் டீமுக்கு 14. இந்த விளையாட்டில் ஸ்காலர்ஷிப்பைத் துண்டு போடலாம். ஒருவருக்கு முழுசு, ஒருவருக்குக் கால், ஒருவருக்குப் புத்தகச் செலவு மட்டும். டீமில் 28 பேர் இருந்தால் ஆண்களுக்கு சராசரி ஆளுக்கு 0.35. பெண்களுக்கு 0.5. ‘ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவில் ஆடுறான்’ என்று கேள்விப்பட்டால் எல்லாமே இலவசம்னு நாம நினைக்கிறோம். நிஜத்தில் பெரும்பாலோர் மீதி ஃபீஸைக் கையிலிருந்து கட்டித்தான் ஆடினார்கள்.

ஆண்களுக்கு ஏன் குறைவு? பதில் சாக்கருக்கு வெளியே இருக்கிறது. முதல் டிவிஷனின் பெரிய ஃபுட்பால் டீம்களுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். ஃபுட்பால் பெண்கள் ஆடும் விளையாட்டு இல்லை. டைட்டில் நைன்படி ஆண்-பெண் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். அப்போ மற்ற ஆண்கள் விளையாட்டுகளில் குறை, பெண்கள் விளையாட்டுகளில் கூட்டு. அதனால்தான் முதல் டிவிஷனில் ஆண்கள் சாக்கர் டீம்கள் சுமார் 200 மட்டுமே. ஃபுட்பாலுக்குப் பேர்போன தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் ஆண்கள் சாக்கர் லீக்கே நடத்துவதில்லை.

இதைப் படிக்கிறப்ப ‘பொண்ணுங்களுக்குக் குடுத்ததால பசங்களுக்குப் போச்சு’ன்னு சிலர் சொல்வாங்க. கணக்கைத் திரும்பப் பாருங்க. 14-க்கும் 9.9-க்கும் வித்தியாசம் 4.1. அந்தப் பக்கம் தனியாக 85 உட்கார்ந்திருக்கு. நம்ம கண் 4.1 மேல போகுது, 85 மேல போகல.

கோர்ட் படி ஏறிய கதை

1984-ல் ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் போட்ட வழக்கில், ஃபுட்பால் டி.வி. உரிமையை என்.சி.ஏ.ஏ. மட்டுமே கையில் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலேஜ்களும் கான்ஃபரன்ஸ்களும் தாங்களே டி.வி.யோடு பேரம் பேசலாம் என்று ஆனது. பணம் பெருகியது. கோச்களின் சம்பளமும் ஸ்டேடியங்களும் பெருகின. ஆடுகிறவருக்கு மட்டும் ஸ்காலர்ஷிப்புக்கு மேல் எதுவும் கூடாது.

2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, படிப்பு சம்பந்தமான உதவிகளுக்கு உச்சவரம்பு வைக்க முடியாது என்றார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. அதுவரை ஒரு விளம்பரத்தில் காசு வாங்கினால் ஆடும் தகுதியே போய்விடும்.

2025 ஜூன் 6-ல் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். வழக்குக்குப் பெயர் தந்த கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல் வீரர். முன்னாள், இந்நாள் வீரர்களுக்குப் பழைய பாக்கியாக 10 வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர் தரப்படும். இனி ஒரு காலேஜ் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-ல் அதற்கு வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

சாக்கருக்கு இதில் என்ன வந்தது? சமரசத்தில் சேர்ந்த காலேஜ்களில் 9.9, 14 என்ற எல்லை போய்விட்டது. காலேஜ் விரும்பினால் டீமில் எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனால் டீமில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அதுவரை 29-வது, 30-வது ஆளாக, ஸ்காலர்ஷிப்பே இல்லாமல், ஆசைக்காக மட்டும் தினமும் காலையில் பிராக்டிஸுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே பல காலேஜ்கள் இப்படிப்பட்ட வீரர்களிடம் ‘இடம் இல்லை’ என்று சொல்லிவிட்டன. இப்படி வெட்டப்பட்டவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய்தால்தான் ஒப்புதல் என்று நீதிபதி பிடிவாதமாக நின்றார். வழி கிடைத்தது. ஆனால் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்பது காலேஜின் விருப்பம்.

பாக்கிப் பணத்தில் பெரும் பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. இது டைட்டில் நைனுக்கு எதிரானது என்று 8 வீராங்கனைகள் உடனே மேல்முறையீடு செய்தார்கள். அவர்களில் சாக்கர் ஆடுபவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் அரசும் ஒரே பேச்சில் நிற்கவில்லை. புதிதாகத் தரும் பணத்துக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை சொன்னது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது.

பசிபிக் டீம், அட்லான்டிக் லீக்

டி.வி. பணம் வரைபடத்தையும் மாற்றிவிட்டது. 1915-ல் தொடங்கிய பசிபிக் கடற்கரை கான்ஃபரன்ஸ் 2024-ல் கிட்டத்தட்டக் கலைந்தே போனது. பத்து காலேஜ்கள் வெளியேறின, மிஞ்சியது இரண்டு. காரணம் ஃபுட்பால் ஒளிபரப்புப் பணம். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் போய்ச் சேர்ந்த லீக்கின் பெயர் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். ராமேஸ்வரத்து டீமை காஷ்மீர் சோன்ல போட்ட மாதிரி!

ஃபுட்பால் டீம் ஒரு சீசனில் ஒரு டஜன் ஆட்டம்தான் ஆடும், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை. சாக்கர் டீம் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும், வாரநாளிலும் ஆடும். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்து, 3 மணி நேர வித்தியாசத்தில் ஆடிவிட்டு, திரும்பி வந்து கிளாஸில் உட்கார வேண்டும். யாருடைய வருமானத்துக்காக முடிவு எடுத்தார்கள், யார் தூக்கத்தில் அது கழிகிறது என்று பாருங்க.

ஆட்டம் மட்டும் குறையவில்லை. 2024 பெண்கள் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் நின்ற நான்கு டீம்களும் இதே கான்ஃபரன்ஸ்: ஸ்டான்ஃபோர்ட், டியூக், வேக் ஃபாரஸ்ட், நார்த் கரோலைனா. இறுதியில் நார்த் கரோலைனா 1-0 என்று ஜெயித்து 22-வது என்.சி.ஏ.ஏ. பட்டம் வாங்கியது. டோரன்ஸ் அந்த ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

எஃப்-1 விசாவில் ஒரு மிட்ஃபீல்டர்

நம்மில் பாதிப் பேர் ஜி.ஆர்.இ. புத்தகம் வாங்கி வச்சிருக்கோம். அதனால இந்தப் பகுதி சீக்கிரம் புரியும். அமெரிக்கக் காலேஜ் ஆண்கள் சாக்கரில் வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகம் இப்படிப் பல நாட்டுப் பையன்களோடு 2021-ல் இண்டியானாவை 1-0 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனது. கூடுதல் நேரத்தில் அந்த கோலைப் போட்டவர் இங்கிலாந்துக்காரர் ஜமீல் ராபர்ட்ஸ்.

இவர்கள் வந்தது நம்ம சீனியர்கள் போகும் அதே எஃப்-1 விசாவில். செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே அனுமதி இல்லாமல் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. அதனால் பக்கத்து லாக்கர்க்காரன் விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கும்போது, கோல் அடித்த வெளிநாட்டுப் பையன் வக்கீலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். விளையாட்டு விதி மாறியது, குடியேற்ற விதி மாறவில்லை. இரண்டையும் எழுதுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. என் புதன்கிழமை ஞாபகம் வருதா?

நமக்கு என்ன?

அங்கே விளையாடுகிறவர்களுக்குக் குரலே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கேம்பஸிலும், கான்ஃபரன்ஸிலும், தேசிய அளவிலும் மாணவ வீரர்களின் ஆலோசனைக் குழு இருக்கிறது. ஆலோசனை சொல்லலாம். ஆனால் மேலே பார்த்த பெரிய மாற்றங்களை நினைச்சுப் பாருங்க. ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, மற்றவை கோர்ட்டால் வந்தவை. ஆலோசனைக் குழுவால் வந்தது ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. உட்கார்ந்து பேச மேஜை இல்லாதவர்கள் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதற்கு வருஷக்கணக்காகும். காலேஜ் வாழ்க்கையோ நாலு வருஷம்தான். ஹவுஸ் வழக்கு 2020-ல் தொடங்கி 2025-ல் முடிந்தது. வழக்கு போட்ட அன்று ஃபர்ஸ்ட் இயர் படித்த ஒருவர் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்.

எந்த விளையாட்டு அமைப்பைப் பார்த்தாலும் இனி மூணு கேள்வி கேளுங்க. தேதியை யார் முடிவு பண்றாங்க? பணம் யார் கையில இருக்கு? விளையாடுறவங்க எந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க, ஓட்டு இருக்கா, வெறும் ஆலோசனையா?

நம்ம கேம்பஸுக்கு இரண்டாவது, மூணாவது கேள்விகள் கொஞ்சம் பெரிசு. முதல் கேள்வியை மட்டும் இந்த செமஸ்டரே தீர்க்கலாம். டெஸ்ட் அட்டவணை போடும் நாளில், அதே மேஜையில் போட்டி அட்டவணையும் இருக்கட்டும். பக்கத்தில் ஆண்கள் டீமிலிருந்து ஒருத்தர், பெண்கள் டீமிலிருந்து ஒருத்தர். செலவு ரெண்டு நாற்காலி, அரை மணி நேரம். மோதுகிற தேதிக்கு ரீடெஸ்ட் உண்டா இல்லையா என்று செமஸ்டர் ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட்டால், யாரும் ஃபார்மைத் தூக்கிக்கிட்டு மாடி ஏற வேண்டாம்.

இதை ஒரு பக்கக் கோரிக்கையாக எழுதி நானும் கேப்டனும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம். மே மாசம் நாங்க கிளம்பிடுவோம், எங்களுக்கு இதனால ஒரு மார்க்கும் திரும்ப வராது. டீம்ல இருக்கிற ஜூனியர்ஸ், சனிக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் கிரவுண்ட் படிக்கட்டுல வந்து பாருங்க. கையெழுத்துக்கு இடம் நிறைய இருக்கு.